காரணம்: ஆடு

திருவட்டாருக்குக் கிழக்கே, ரப்பர் மரங்கள் முடிகிற சரிவில்
எங்கள் வலைக்கூடம்.
மழை தெற்குப்பக்க வலையைக் கிழித்த ராத்திரி
காவல் சுதர்சிங் அண்ணன்
பெஞ்சிலேயே குடையோடு உறங்கிவிட்டார்.
காலையில் எண்ணினேன்:
பன்னிரண்டு சட்டி மரச்சீனியில்
ஆறு மொட்டை.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும்.
இந்த வைரஸை நான் விலைக்கு வாங்கவில்லை.
வேர்க்கிளம்பியில் ஒரு விளை;
இலையெல்லாம் தேமல் பிடித்துச் சுருண்டு
கிழங்கு பெருவிரல் தடிமனைத் தாண்டாத விளை.
அங்கிருந்து ஐஸ்பெட்டியில் எடுத்து வந்தேன்.
"இத எதுக்குக் கொண்டு போறிய? தீயில போடணும்,"
என்றார் ரசலையன்.
போடவேண்டியதுதான்.
நான் அதன் பல்லைப் பிடுங்கினேன்.
பல்லிருந்த பொந்தில்
மரச்சீனியின் சொந்த எழுத்தில் ஒரு முந்நூறை
வைத்துத் தைத்தேன்.
கசப்பைச் சமைக்கிற மரபணுவின் எழுத்து;
பசு அதிகம் தின்றால் நுரைதள்ளி விழுகிற கசப்பு.

ஊசி கழற்றிய சிரிஞ்சை இலையின் அடிப்பக்கம் அழுத்தினால்
துணி நனைவதுபோல் ஒரு கருமை பரவும்.
பிறகு வேலை இல்லை. நாள் எண்ணலாம்.

செடி ஏமாளி இல்லை.
வேற்றாள் நுழைந்தது தெரிந்ததும்
அவன் கைக்கடிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கிறது.
ஒரு துண்டை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு
இதே எழுத்து எங்கே கண்டாலும் வெட்டு என்று
கத்திகளை அனுப்புகிறது.
கத்திகள் வீட்டுக்குள்ளேயும் வருகின்றன.
அங்கே அதன் சொந்தக் கடிதம்
அதே கையெழுத்தில்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூசும்.
உன் உடம்பில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று
அதனிடம் கேட்க எனக்கு வேறு பாஷை தெரியாது.
வாயை அடைத்துவிட்டு
எது குறைகிறது என்று பார்க்கிறேன்.

அடுத்த மேசையில் நிறத்தைக் காக்கும் மரபணு அடைபட்ட இரண்டு சட்டி.
நடுநரம்பை ஒட்டிப் பால் கொட்டினதுபோல் வெளுத்து நிற்கும்.
அது கண்ணுக்குத் தெரிகிற குறை.
கசப்பு குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது.
செவ்வாய்க்கிழமை பிக்ரேட் தாள் வைப்பதாக இருந்தேன்:
மஞ்சள் தாள் செங்கல் நிறமானால் விஷம் உண்டு.
திங்கள் ராத்திரியே வந்துவிட்டது
லீலாபாயின் செவலை ஆடு.

தின்ற ஆறும் வாயடைத்த ஆறு.
வெறும் வைரஸ் ஏந்திய மற்ற ஆறில்
ஒரே இலை, கடித்துத் துப்பியது.
தரையில் கிடந்த அந்த இலையை
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடு கால்வாய்க்கரையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.
"சாவுமா?" என்றாள் லீலாபாய்.
சாகாது என்றேன். என் கணக்கு அப்படித்தான் சொன்னது.
கணக்கை நம்பாமல் மத்தியானம்வரை
மிருக டாக்டர் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு
ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
அது ஒருமுறை தும்மியது.
என் உயிர் போய் வந்தது.

விதி விதிதான்.
பதினாலு நாள் ஆட்டுக்குக் காவல்.
புழுக்கையைப் பொறுக்கி எரித்தோம்.
நாளொன்றுக்கு இருநூறு என்று
லீலாபாய் கணக்கு எழுதிக் கொடுத்தாள்.
படிவத்தில் நான் நிரப்பினேன்:
இழப்பு, ஆறு செடி.
காரணம், ஆடு.
முடிவு என்ற கட்டத்தில் எழுத
இலை ஒன்றும் மிச்சமில்லை.
ஆடு சாட்சி சொன்னதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆறாவது வாரம் மொட்டைத் தண்டுகளில் தளிர்.
தாள் வைத்தேன்.
ஐந்தில் செங்கல்.
வெட்டுப்பட்ட சொல்லைச் செடி திரும்ப எழுதிக்கொண்டுவிட்டது.
ஒன்றில் மட்டும் இன்னும் மஞ்சள்.

அந்தச் சட்டிக்கு இரட்டை வலை கட்டச் சொன்னேன்.
கயிற்றை இழுத்துக்கொண்டே சுதர்சிங் அண்ணன் கேட்டார்:
"செடி வெளிய போவாம இருக்கவா,
ஆடு உள்ள வராம இருக்கவா?"